‘பேச்சியம்மாள்’ என்ற பெயரை மாற்றிக்கொள்ளலாமா? – வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

வாசகரின் கடிதம் – சுருக்கம்

தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 28 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஊரையும் நிறுவனத்தையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயரே கேள்வியாக இருப்பதால், அவருடைய இசைவுடன் அதை மட்டும் வெளியிடுகிறோம். அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரான பேச்சியம்மாள் என்பதையே இவருக்கு வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் படித்தவரை அது அவருக்கு உறுத்தவில்லை; அதே வகுப்பில் இன்னொரு பேச்சியம்மாளும் இரண்டு இசக்கியம்மாள்களும் இருந்திருக்கிறார்கள். கல்லூரிக்காகச் சென்னைக்கு வந்த பிறகுதான், வருகைப் பதிவின்போது எழும் சிரிப்பும், “உண்மையிலேயே உங்கள் பெயரா?” என்ற கேள்வியும் தொடங்கியிருக்கின்றன. அலுவலகத்தில் தம்மை ‘பி.எம்.’ என்று கூப்பிடச் சொல்லிச் சமாளித்துவருகிறார்.

வரும் தை மாதம் அவருக்குத் திருமணம். பத்திரிகையில் ‘நல்ல பெயராக’ப் போட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லி, எண்கணித ஜோதிடர் எழுதிக் கொடுத்த மூன்று பெயர்களையும் அனுப்பியிருக்கிறார். அவற்றுள் ‘பிரணிஷா’ என்பது வாசகிக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்தை இரட்டிக்க வேண்டுமாம். மாப்பிள்ளை “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டார். “எங்க அம்மா பேரை எடுத்துட்டா உன்னை நான் எப்படிம்மா கூப்பிடுறது?” என்று கேட்ட அப்பா, அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பாவின் சம்மதம் இல்லாமல் பெயரை மாற்ற முடியுமா, மாற்றினால் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாம் புதுப் பெயருக்கு மாறிவிடுமா, திருமணப் பதிவில் புதுப் பெயரைக் கொடுத்துவிட்டாலே போதுமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில், “பாட்டியின் பெயரைச் சொல்ல வெட்கப்படுவது தவறா?” என்றும் கேட்டிருக்கிறார்.

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வெட்கப்படுவது பாட்டியை நினைத்து அல்ல என்பது உங்கள் கடிதத்தைப் படிக்கும் யாருக்கும் புரியும். பத்து வருடமாக ஒரு பெயரைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் முகத்தில் சிரிப்பு எழுவதைப் பார்த்துவரும் எவருக்கும் அந்தப் பெயரைச் சொல்லத் தயக்கம் வரத்தான் செய்யும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் “என் பெயர் காலாவதியாகிவிட்டது, இனி அதற்கு மதிப்பில்லை” என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியுடன் எனக்கு உடன்பாடில்லை. சட்டத்துக்குப் போகுமுன் அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சொத்து வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர்களின் மேசைக்குப் பழைய பத்திரங்களும் வாரிசுச் சான்றிதழ்களும் வந்துகொண்டே இருக்கும். ஒரு குடும்பத்தின் ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெயர்கள் மாறிய கதை கண்ணுக்கு முன்னால் தெரியும். மூலப்பத்திரத்தில் சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ராஜேந்திரன், விஜயலட்சுமி, சாந்தி. பேரப்பிள்ளைகள் கார்த்திக், பிரியா, திவ்யா. அதற்கும் அடுத்த தலைமுறையில் ‘ஷ்’, ‘ஸ்’, ‘ஸ்ரீ’ இல்லாத பெயரைத் தேடத்தான் வேண்டும். தேடினால், அங்கங்கே ஒரு யாழினியும் மகிழனும் கிடைப்பார்கள். ஒரே நிலத்தைப் பற்றிய நான்கு ஆவணங்களில் நான்கு காலத்துப் பெயர்கள் இருக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் வைக்கப்பட்ட காலத்தில் புதுமையாகவோ பொருத்தமாகவோ இருந்த பெயர்தான். விஜயலட்சுமி என்ற பெயர் ஒரு காலத்தில் பேச்சியம்மாளின் மகளுக்கு வைக்கப்பட்ட நாகரிகப் பெயர். இன்று பிறக்கும் குழந்தைக்கு அதை வைக்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். பிரியாவும் திவ்யாவும் கூட இப்போது அம்மாக்களின் பெயர்களாகிவிட்டன.

ஏன் இப்படி நடக்கிறது? சினிமாவும் தொலைக்காட்சியும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவற்றுக்குப் பங்கு உண்டு, ஆனால் அவை மட்டுமே காரணம் அல்ல. நம் பக்கத்தில் பழைய பெயர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்தவை: ஒன்று குலதெய்வம், மற்றொன்று தாத்தா பாட்டி. சுடலை, இசக்கி, மாடன், பேச்சி என்று தொடங்கும் பெயர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி வட்டாரத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும். சுடலைமாடன் கோயில்களில் பேச்சியம்மன் இருப்பதும், பிள்ளைப்பேற்றையும் பச்சிளம் குழந்தைகளையும் காக்கும் தெய்வமாக அவள் வணங்கப்படுவதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். பிச்சை எடுத்துப் பெற்றது என்று சொல்லிப் பிச்சை, பிச்சையம்மாள் என்றார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். எமன் கண்ணில் படாமல் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 13 பேர். தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் ஊரெங்கும் வந்த பிறகு, அந்தத் தவிப்பும் அதனுடன் அந்தப் பெயர்களும் குறைந்துபோயின. அதை இழப்பாக நான் நினைக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை. பெயரைக் கேட்டவுடனே ஊரும் சாதியும் தெரிந்துவிடும் நிலையில் நம் முன்னோர் வாழ்ந்தார்கள். ‘சுப்பிரமணியன்’ என்று ஒரு வீட்டில் வைத்தால், அதே ஊரின் இன்னொரு தெருவில் பிறந்தவன் ‘சுப்பன்’ என்று மட்டுமே அழைக்கப்பட்டான். அப்படி அழைக்கப்பட்டவர்கள், தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லும்போது யாரும் ஊகிக்க முடியாத, எந்த ஊருக்கும் பொதுவான ஒரு பெயரை வைக்க விரும்பினார்கள். அதை வெறும் மோகம் என்று ஒதுக்கக் கூடாது. தலைநிமிர்வதற்கு அவர்கள் கண்ட வழிகளில் அதுவும் ஒன்று. உங்களுக்கு வரும் கேலியும் பெயரின் ஓசையைப் பற்றியது மட்டுமல்ல. கிராமத்துச் சிறுதெய்வத்தின் பெயரை ஒருவர் சுமந்து வந்து தங்களுடன் சமமாக உட்கார்ந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. அங்கே திருந்த வேண்டியவர் நீங்கள் இல்லை.

வழக்கொழிந்த பெயர்கள் திரும்பி வருவதும் உண்டு. கடந்த நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் சங்க காலத்துப் பெயர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கும் ‘ஆதன்’ என்ற பெயர், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு இன்று மீண்டும் குழந்தைகளுக்கு வைக்கப்படுகிறது. பேச்சி என்ற பெயரும் அப்படித் திரும்பி வருமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: இந்த வருடத்தின் ஓசைக்காகத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பெயரும், நீங்கள் ஐம்பது வயதில் இருக்கும்போது ஒரு காலகட்டத்தைக் காட்டும் பெயராக ஆகியிருக்கும். ‘பிரணிஷா’வுக்கும் அது பொருந்தும். எனவே மாற்றுவதானால், பழையதிலிருந்து தப்பிப்பதற்காக அல்லாமல், நீங்கள் உண்மையாகவே விரும்பும் ஒரு பெயருக்காக மாற்றுங்கள் என்பதே என் கருத்து. இனி உங்கள் சட்டக் கேள்விகளுக்கு வருகிறேன்.

உரிமை யாருடையது?

18 வயது நிரம்பிய எவரும் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தந்தையின் கையெழுத்தோ, வருங்காலக் கணவரின் ஒப்புதலோ தேவையில்லை. ஒருவருடைய பெயர் அவருடைய அடையாளத்தின் பகுதி என்றும், அதைத் தாம் விரும்பியபடி வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றும் உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்குகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதே உரிமைக்கு மறுபக்கமும் இருக்கிறது. திருமணத்துக்காகப் பெண் தன் பெயரையோ முதலெழுத்தையோ மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. மாப்பிள்ளையின் தாயார் சொன்னது ஆலோசனையா, நிபந்தனையா என்பதை உங்கள் கடிதத்திலிருந்து என்னால் கண்டுகொள்ள முடியவில்லை. நிபந்தனையாக இருந்தால், அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் திருமணத்துக்கு முன்பே நேராகப் பேசிவிடுங்கள். “உன் இஷ்டம்” என்ற பதில் மரியாதையாகத்தான் இருக்கிறது. அதே பதிலை அவர் தம் தாயாரிடமும் சொல்வாரா என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு முக்கியம்.

பழைய பெயர் மறைந்துவிடுமா?

மறையாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட, எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறந்த தேதிக்கான சான்று, முகவரிச் சான்று, சான்றொப்பம் பெற்ற புகைப்படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வெளியாகும் அறிவிப்பில் உங்கள் பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி எல்லாம் இருக்கும்; அதற்குப் பிறகே ‘இனி இந்தப் பெயரால் அழைக்கப்படுவார்’ என்ற வாசகம் வரும். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே வரியில் நிரந்தரமாக இணைத்துவைப்பதுதான் அரசிதழின் வேலை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ்கள் தாமாக மாறிவிடாது. எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு. படித்து முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு விரும்பிச் செய்துகொள்ளும் மாற்றம் வேறு. நான் குறிப்பிட்ட 2021 தீர்ப்பும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, மாற்றத்தைப் பதியும்போது பழைய பதிவையும் காட்டிக் குறிப்பெழுதலாம் என்ற வழியையே வகுத்தது. நடைமுறையில், புதுப் பெயருடன் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகும் ஒவ்வொரு முறையும் பேச்சியம்மாள் என்ற சான்றிதழையும் அரசிதழ் நகலையும் சேர்த்தே நீட்ட வேண்டியிருக்கும். ‘யாருக்கும் பழைய பெயர் தெரியக் கூடாது’ என்பதே உங்கள் நோக்கமாக இருந்தால், சட்டம் அதை உங்களுக்குத் தராது. நண்பர்களும் சக ஊழியர்களும் நாள்தோறும் புதுப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால், அது கிடைக்கும்.

திருமணப் பத்திரிகையும் பதிவும்

உங்கள் மூன்றாவது கேள்வியில் உள்ள எண்ணம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. திருமணப் பதிவில் புதுப் பெயரைக் கொடுத்தால் பெயர் மாறிவிடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அடையாளச் சான்றுகளுடன் திருமணப் பத்திரிகையையும் கேட்பார்கள். பத்திரிகையில் பிரணிஷா, ஆதாரில் பேச்சியம்மாள் என்று இருந்தால், சார்பதிவாளர் கேள்வி கேட்பது அவருடைய கடமை. அப்போது யாராவது ஒருவர் ‘பேச்சியம்மாள் (எ) பிரணிஷா’ என்று எழுதிவிடலாம் என்று வழி சொல்வார். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். அரசிதழின் துணை இல்லாமல் ஓர் ஆவணத்தில் புகுந்துவிட்ட அந்த ‘(எ)’, பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும்போதும், விசாவுக்குத் திருமணச் சான்றிதழைக் கொடுக்கும்போதும், குழந்தையின் பிறப்புப் பதிவில் தாய் பெயரை எழுதும்போதும் மீண்டும் மீண்டும் கேள்வியாக எழும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட்வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே உங்கள் பெயரில் இருக்கும் குழப்பம் உங்கள் பிள்ளையின் ஆவணத்துக்கும் போய்ச் சேரும்.

எண்கணித எழுத்து

நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஓர் எழுத்தை இரட்டித்து எழுதும் பெயரை வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நீங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். ஒரே ஓர் இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டாலும் பான் அட்டையும் ஆதாரும் பொருந்தாது, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். முழுப் பெயரையும் மாற்ற அரசிதழ் அறிவிப்பு வேண்டும். ஒரு முறையை இதற்குச் செலவிட்டு, பிறகு எழுத்தைத் திருத்த இன்னொரு முறையையும் செலவிட்டால் மீதி எதுவும் இருக்காது. எந்தப் பெயராக இருந்தாலும், கேட்டவர் கேட்டபடியே எழுதக்கூடிய எழுத்துகளில் இருக்கட்டும்.

நான் சொல்லும் வழி

தை மாதத்துக்குள் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து முதலில் வெளியே வாருங்கள். பெயர் மாற்றத்துக்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. பத்திரிகை அச்சுக்குப் போகும் நாளில் அரசிதழ் அறிவிப்பு உங்கள் கையில் இல்லையென்றால், இன்று சட்டப்படி உங்களுக்கு இருக்கும் பெயரிலேயே பத்திரிகை அடியுங்கள். பதிவும் அதே பெயரில் நடக்கட்டும்.

இடைப்பட்ட காலத்தில், விரும்பும் பெயரைப் புழங்கிப் பாருங்கள். பல நிறுவனங்களில் மின்னஞ்சலிலும் அடையாள அட்டையிலும் அழைக்கும் பெயரைத் தனியாக வைத்துக்கொள்ள மனிதவளத் துறை அனுமதிக்கிறது. சம்பளப் பட்டியல் மட்டும் ஆவணப் பெயரில் இருக்கும். நம் வீடுகளில் இது புதிதல்ல. மாமியார், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தால், பாட்டி பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகளை அம்மாக்கள் ‘பாப்பா’, ‘ராசாத்தி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவேட்டுப் பெயரும் கூப்பிடும் பெயரும் தனித்தனியாகவே இருந்தன. ஆறு மாதமோ ஒரு வருடமோ அப்படி இருந்து பார்த்த பிறகும், புதுப் பெயரே உங்களுடையது என்று தோன்றினால், குற்ற உணர்ச்சி இல்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சியம்மாளையும் விடாமல் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வழி. அதையும் அரசிதழில் அறிவிக்கலாம், ஆனால் பெயர் நீளும், படிவங்களில் எப்படிப் பிரித்து எழுதுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அலுவலகக் கேலியைப் பொறுத்தவரை, பெயரை மாற்றினால் அது நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். நாற்பது பேருக்கு முன்னால் ஒருவருடைய பெயரைச் சொல்லிச் சிரிப்பது அவமதிப்பு. எழுத்து மூலம் மேலாளரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. தேதி, இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அப்பாவிடம் நீங்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். மகள் பாட்டியின் பெயரை மதிப்பில்லாதது என்று நினைக்கிறாள் என்றுதான் அவர் இப்போது புரிந்துகொண்டிருக்கிறார். வருகைப் பதிவுச் சிரிப்பைப் பற்றி அவரிடம் நீங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள். நீங்கள் எந்தப் பெயரில் வாழ்ந்தாலும் அவர் உங்களைப் பேச்சி என்றே கூப்பிடலாம் என்பதையும் சொல்லுங்கள். அதை எந்த அரசிதழும் தடுக்காது.

கடைசியாக, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் வரிசை தவறக் கூடாது: முதலில் அரசிதழ், அடுத்து ஆதார், பிறகு பான், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, பாஸ்போர்ட். குடும்ப அட்டையிலும் மாற்றிவிடுங்கள். அரசிதழின் அசல் பிரதிகள் சிலவற்றைச் சேர்த்து வாங்கி, ஒன்றை அப்பாவின் நிலப் பத்திரங்களுடனே வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது, பத்திரத்தில் உள்ள குடும்பத்தின் மகள் பேச்சியம்மாளும் எதிரே நிற்கும் நீங்களும் ஒருவரே என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் காட்ட அந்தத் தாள் வேண்டியிருக்கும்.